மூணு, நாலு, அஞ்சு



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் திறந்தவர்கள் மூடி வைத்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். போன பதிவில் என் முழங்காலை விசாரித்தவர்களுக்கு: பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும்தான் தகராறு.

அந்த முழங்காலால்தான் இந்தப் பதிவே. ராத்திரியில் கொல்லைக் கடைசி வரை நடந்து போவது இனிமேல் ஆகாது என்று உங்கள் டீச்சரம்மா முடிவு செய்துவிட்டார். அடுப்படியை ஒட்டி ஒரு குளியலறை கட்டுவது என்று ஆனது. ஆறடிக்கு எட்டடி. சின்ன வேலை. பெரிய கொத்தனார்கள் யாரும் வர மாட்டார்கள். கடைசியில் ஒரு மேஸ்திரி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சார், என்னைத் தெரியுதா?" என்றார்.

தெரிந்தது. 1998-ல் பத்தாம் வகுப்பு. மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம். என் கணக்குப் பாடத்தில் 28 மதிப்பெண் எடுத்துத் தோற்றவர். பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் வேணாம், எம் பொண்ணு படிப்பா" என்றார். ஆகவே மேஸ்திரி என்றே சொல்கிறேன்.

முதல் நாள் காலையில் நாலு மூலைக்கும் முளைக்குச்சி அடித்தார். நூல் கட்டினார். ஒரு பக்கம் ஆறடி, ஒரு பக்கம் எட்டடி அளந்தார். பிறகு டேப்பைக் குறுக்கே பிடித்தார். பத்தடி ஓர் அங்குலம் காட்டியது. ஒன்றும் பேசாமல் ஒரு குச்சியைப் பிடுங்கிக் கொஞ்சம் நகர்த்தி அடித்தார். மறுபடி குறுக்கே அளந்தார். சரியாகப் பத்து. "மூலை நின்னுடுச்சு சார்" என்றார்.

நான் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஆறு, எட்டு, பத்து. முப்பத்தாறும் அறுபத்து நாலும் நூறு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏம்ப்பா, பத்து வந்தா மூலை சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பெரிய மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது சார். மூணு, நாலு, அஞ்சு. சின்ன இடம்னா அது. பெரிசுன்னா ஆறு, எட்டு, பத்து. அதுக்கும் பெரிசுன்னா ஒம்போது, பன்னெண்டு, பதினஞ்சு. பெரிய அளவா வச்சாத்தான் பிசகு கம்மியா வரும்."

"இது என்னன்னு தெரியுமா?"

"என்ன சார்?"

"பிதாகரஸ் தேற்றம். நான் உனக்கு நடத்தினேன்."

கொஞ்ச நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது கணக்கா சார்? நீங்க நடத்துனது ஏபிசி முக்கோணம்ல" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அது புதிய செய்தி. அதுதான் எனக்கு உறைத்தது.

நான் அந்தத் தேற்றத்தை எப்படி நடத்தினேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் மீதான வர்க்கம் என்று ஆரம்பித்து வகுப்பே ராகம் போட்டுச் சொல்லும். பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்ப்பார். நிரூபணத்தைப் பத்து முறை எழுதச் சொல்வேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுபவன் கெட்டிக்காரன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூட ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு உங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போய், கபடிக் களத்தின் மூலை சரியாக இருக்கிறதா பாருங்கடா என்று சொன்னதில்லை. மைதானம் இருந்தது. கயிறும் இருந்தது. கொடிக் கம்பத்திலேயே இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று இந்த ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேரமில்லை, நாற்பத்தைந்து பேர், தேர்ச்சி விகிதம் என்று காரணம் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அடியில் வேறொன்று கிடக்கிறது. அதை உறவுகள் அறிவார்கள், மாணவர்கள் அறிய மாட்டார்கள்.

நான் தச்சர் வீட்டுப் பிள்ளை. எங்கள் தாத்தா பட்டறைச் சுவரில் உளிகளும் இழைப்புளியும் கொட்டாப்புளியும் வரிசையாக இருக்கும். ஆணியில் ஒரு மூலைமட்டம் தொங்கும். கதவு நிலை பூட்டும்போது அவரும் குறுக்களவு பார்ப்பார். இரண்டு குறுக்கும் ஒன்றாக இருந்தால்தான் நிலையைத் தூக்கி நிறுத்துவார். நான் நூலின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறேன். அதாவது, செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று கரும்பலகையில் எழுதுவதற்கு இருபது வருடம் முன்பே அது எனக்குத் தெரியும். ஆனால் வாத்தியாரான பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதே அந்த உளியிடமிருந்து தப்பிக்கத்தான். வெள்ளைச் சட்டை போட்டு, சாக்பீஸ் பிடித்த பிறகு, "எங்க தாத்தா கதவு செய்யும்போது..." என்று ஒரு வாக்கியத்தை வகுப்பில் ஆரம்பிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தின் விலையை நான் கொடுக்கவில்லை. மூன்றாவது பெஞ்சு கொடுத்தது.

கைவேலை என்றாலே நம் ஊரில் பெற்றோர்கள் ஏன் ஒரு அடி பின்வாங்குகிறார்கள் என்பதை வெளியூர்க் கல்வியாளர்கள் பல பேர் புரிந்துகொள்வதில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி ஒரு கல்வி மாநாடு கூட்டினார். கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் கற்பது என்ற திட்டம் அங்கே பேசப்பட்டது. ஜாகிர் உசேன் தலைமையில் குழு போட்டு அதற்குப் பாடத்திட்டமும் எழுதினார்கள். நாம் ஆதாரக் கல்வி என்று சொன்னது அதைத்தான். நல்ல யோசனை என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அறுபதுகளில் நான் படித்த ஆரம்பப் பள்ளிக்கு வந்து சேரும்போது அதில் மிச்சம் இருந்தது ஒரு தக்ளி மட்டும்தான். வாரத்தில் ஒரு நாள் நூற்றோம். அறுந்தது, முடிந்தோம். நூல் எத்தனை முழம், பஞ்சு எவ்வளவு எடை, இந்த நூலில் ஒரு துண்டு நெய்ய எத்தனை நாள் நூற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கை சுற்றியது, தலை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நூற்றதெல்லாம் எங்கே போனது என்றுகூடத் தெரியாது.

அதற்கு முன்பே, 1953-ல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் அப்பன் செய்யும் தொழில். அதைத்தான் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லிப் பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரான பிறகு அது கைவிடப்பட்டது. எங்கள் சின்ன மாமா அப்போது எட்டு வயதுப் பையன். இந்தப் பதிவையும் படிப்பார், தப்பாக எழுதியிருந்தால் போன் வரும். "மணியக்காரர் வீட்டுப் பையன் மத்தியானம் வீட்டுக்குப் போயி என்னடா கத்துக்கிட்டான்? தூங்குனான். நான் பட்டறையில துருத்தி ஊதுனேன்" என்பார். பக்கத்துக் கொல்லுப் பட்டறையில் ஆள் குறைவு, அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். எழுபது வருடமாகியும் அந்தக் கோபம் அவரிடம் ஆறவில்லை. ஆறக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன்.

ஆகவே 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குள் ஒரு பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் தச்சரிடமும் தோட்டக்காரரிடமும் குயவரிடமும் பிள்ளைகள் போய்க் கற்கலாம் என்று படித்தபோது எனக்கு இரண்டு மனம். ஒரு மனம் 'அப்பாடா' என்றது. இன்னொரு மனம், தச்சரிடம் போகப்போவது யார் பிள்ளை என்று கேட்டது. டாக்டர் வீட்டுப் பிள்ளை பத்து நாள் உளி பிடித்தால் அது அனுபவம், படம் எடுத்துப் போடுவார்கள். தச்சர் வீட்டுப் பிள்ளை பிடித்தால் "உனக்கு இதுதான் சரியா வருது" என்று ஒரு வாத்தியார் சொல்லிவிடுவார். அந்த வாத்தியாரை எனக்குத் தெரியும். நானேதான்.

ஆமாம், இதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத எனக்கு உரிமை இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் டீ குடிக்கும்போது மேஸ்திரி சொன்னார், "ரிசல்ட் வந்தன்னிக்கு எங்கப்பா உங்களைப் பாக்க வந்தாரு சார். நீங்கதான், இவனுக்குப் படிப்பு ஏறாது, ஏதாவது தொழில்ல விடுங்கன்னு சொன்னீங்க. மறுவாரமே சித்தாள் வேலைக்குப் போயிட்டேன்." சொல்லிவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கேன்" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியம் எனக்காகச் சொன்னது.

அடுத்த நாள் தரைக்கு மட்டம் பார்த்தார். தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப். ஒரு முனை அவர் கையில், மறுமுனை சித்தாள் கையில். "விரலை எடும்மா, விரலை எடு, அடைச்சா தண்ணி பொய் சொல்லும்" என்று கத்தினார். டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழி மாட்டியிருந்தது. அது வெளியேறும் வரை டியூபைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சுவரில் இரண்டு பக்கமும் பென்சில் கோடு. அடுத்து வாட்டம். "பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் விடணும் சார். கொல்லைக் கதவு வரைக்கும் பதினாலு அடி, ரெண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல வரும்." விகிதக் கணக்கு. பத்தாம் வகுப்பில் அவர் தப்பு விட்ட கணக்கு. பென்சிலும் எடுக்கவில்லை, பேப்பரும் எடுக்கவில்லை.

இதைப் பார்த்துவிட்டு "அனுபவப் படிப்பு போதும், பள்ளிக்கூடமே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் அப்படி நிறைய வருகிறது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் மூன்றாம் நாள் அவர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்.

முதல் கேள்வி: குமிழி இருந்தால் மட்டம் ஏன் தப்பாகிறது? பெரிய மேஸ்திரி "குமிழி ஆகாது" என்று சொன்னாரே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. இருபத்தைந்து வருடமாக அந்தக் கேள்வியைச் சுமந்திருக்கிறார், கேட்க ஆளில்லை. இரண்டு பக்கத் தண்ணீரும் ஒன்றையொன்று அமுக்கிப் பார்க்கின்றன, அமுக்கம் சமமாகும் இடத்தில் நிற்கின்றன, ஒரு பக்கம் ஏறும் குழாயில் நடுவே காற்று இருந்தால் அந்த அளவுக்குத் தண்ணீரின் கனம் குறைகிறது, ஈடுகட்ட அந்தப் பக்கம் மட்டம் உயர்ந்து நிற்கும் என்று சொன்னேன். ஒரே முறைதான் சொன்னேன். "அப்ப விரலால அடைச்சாலும் அதே கதைதானே, உள்ள இருக்கற காத்து அமுக்குது" என்றார். வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்திவிட்டு, இப்படி ஒரு பதிலை நான் ஒரு நாளும் வாங்கியதில்லை.

இரண்டாவது கேள்வி: மூணு, நாலு, அஞ்சு வகையறா மட்டும்தானா, வேறு எண்களும் உண்டா? அஞ்சு, பன்னெண்டு, பதின்மூணு என்றேன். எட்டு, பதினஞ்சு, பதினேழு என்றேன். பூசாத சுவரிலேயே எழுதிக் கூட்டிப் பார்த்தார். நூற்று நாற்பத்து நாலும் இருபத்தஞ்சும் நூற்று அறுபத்தொன்பது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முற்றத்தில் போய் அஞ்சடி, பன்னெண்டடி நூல் பிடித்து அளந்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். அதுவரைக்கும் சிமெண்ட் கலவை காய்ந்துகொண்டிருந்தது, அது வேறு விஷயம்.

கைக்குத் தெரிந்தது ஒரு எல்லையில் போய் நிற்கிறது. அங்கே "ஏன்" என்ற கேள்வி இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் வேலை அங்கே. நாங்களோ அந்தக் கேள்வி முளைப்பதற்கு முன்பே பதிலைக் கொண்டுவந்து கொட்டினோம். கேட்காதவனுக்குச் சொன்ன பதில் எங்கே ஒட்டும்?

செய்முறை வகுப்பு இருந்ததே சார் என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. 2011-12-ல் பத்தாம் வகுப்புக்குச் சமச்சீர்க் கல்வி வந்தபோது அறிவியலில் எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25 என்று பிரித்தார்கள். ஆள் பற்றாக்குறையில் அறிவியலும் என் தலையில் இருந்த வருடங்கள் அவை. முதல் வருடம் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். குவிலென்சின் குவியத் தொலைவு காணும் சோதனைக்கு வகுப்பறைக் கதவையெல்லாம் சாத்திவிட்டு, ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து, லென்சுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தேன். தாளில் தலைகீழாக ஒரு தென்னை மரம். காற்றில் மட்டை ஆடியது, தாளிலும் ஆடியது. முழு வகுப்பும் எழுந்து நின்றுவிட்டது. "சார், ஒரு காக்கா தலைகீழா பறக்குது சார்!" அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த வகுப்புப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் கை தூக்குங்கள்.

மூன்றாவது வருடம் என்ன செய்தேன் தெரியுமா? அளவீடுகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எல்லார் ரெக்கார்டு நோட்டிலும் ஒரே குவியத் தொலைவு, ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லாமல். நாற்பது பேர் அளந்தால் நாற்பது விடை வர வேண்டும், அந்த வித்தியாசம்தான் பாடமே. ஆனால் அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு அழகாக இருந்தது. எல்லாருக்கும் 25-க்கு 25 போட்டோம். யாரும் தோற்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். லென்ஸ் பெட்டிக்குள்ளேயே இருந்தது, உடையாமல் பத்திரமாக. உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியது நான்.

இப்போது இது கடைக்கு வந்துவிட்டது. சென்னையில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்கு நீர்ச் சுழற்சி பற்றி மாதிரி செய்துகொண்டு வரச் சொன்னார்கள். ஸ்டேஷனரி கடையில் 350 ரூபாய்க்கு ரெடியாக விற்கிறது: தெர்மாகோல் மலை, பஞ்சு மேகம், நீல வர்ணக் கடல். மகன் வாங்கிக் கொடுத்துவிட்டான். அவனைத் திட்டிப் பயனில்லை, ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவன். பேத்தி செய்தது பெயர் எழுதி ஒட்டியதுதான். நான் போனில், "இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணி வை, ஒன்றை மூடு, ஒன்றைத் திறந்து வெயிலில் வை, பேனாவால் கோடு போடு" என்றேன். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். "தாத்தா, ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு. தம்பி குடிச்சிட்டானா?" தம்பியை விசாரணை செய்து, அவன் அழுது, அவன் இல்லை என்று தெரிந்து, காக்கையைச் சந்தேகித்து, பிறகுதான் வெயிலுக்கு வந்தாள். மூடிய டம்ளரின் மூடிக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்ததையும் அவளேதான் பார்த்தாள். பள்ளியில் மதிப்பெண் தெர்மாகோலுக்குத்தான். போகட்டும்.

செலவில்லாமல் எதுவும் முடியாது என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நம் டெல்டாவில் ஒரு பிள்ளைக்குப் பரப்பளவு சொல்லித்தர இதைவிட நல்ல இடம் உண்டா? பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, 144 சதுர அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். அப்பா குத்தகைக்கு எத்தனை மா பிடித்திருக்கிறார் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். பாடப் புத்தகத்தில் ஹெக்டேர் வந்தது, நான் ஹெக்டேர் நடத்தினேன். ஒரு ஹெக்டேர் எவ்வளவு பெரிசு என்று அவர்களுக்கும் தெரியாது, உண்மையைச் சொன்னால் எனக்கும் கண்ணால் தெரியாது. வரப்பில் நின்று இது மூணு மா, இதுபோல் இரண்டரை மடங்கு ஒரு ஹெக்டேர் என்று ஒரு நாள் காட்டியிருக்கலாம்.

புதுக்கோட்டை அக்காவை (உறவுகளுக்குத் தெரியும், டீச்சரம்மாவின் மூத்தவர்) இங்கே நினைத்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அக்கா முப்பத்தைந்து வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு பழகினார். சைக்கிளுக்கும் அ, ஆவுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அப்போது படித்தவன் திமிரில் கேட்டேன். "ஓட்டிக்கிட்டுப் போனா ஊர் பேரு போர்டு வருமில்ல, படிக்க வேணாமா?" என்றார். அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அதை என் வகுப்பறைக்குக் கொண்டுபோகவும் இல்லை.

எல்லாவற்றையும் கையால் தொட்டுக் கற்க முடியாது, தெரியும். அணுவைத் தொட முடியாது. மைனஸ் எண்ணை மைனஸ் எண்ணால் பெருக்குவதற்குக் கொல்லையில் உதாரணம் தேடினால் கிடைக்காது. மனப்பாடத்துக்கும் நான் எதிரியல்ல. வாய்ப்பாடு தெரியாத மேஸ்திரி வாட்டம் விட முடியாது. நான் கேட்பது, கைவேலை எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும், படிப்பு வராதவனுக்கு ஆறுதல் பரிசாக வேண்டாம் என்பதுதான். முதல் மதிப்பெண் எடுக்கிறவளும் டியூபின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். கொத்தனார் மகனும் கலெக்டர் மகனும் ஒரே நூலின் இரண்டு முனையில் நிற்க வேண்டும். நின்றுவிட்டு இரண்டு பேரும் வகுப்புக்குத் திரும்பி வந்து, ஏன் என்று எழுத வேண்டும். திரும்பி வருவதுதான் முக்கியம். 1953-ல் சின்ன மாமாவைத் திரும்பி வர விடவில்லை. 1998-ல் மேஸ்திரியைத் திரும்பி வர நான் விடவில்லை.

மேஸ்திரியின் மகள் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் கொஞ்சம் பயம் என்றார். ஞாயிற்றுக்கிழமை இங்கே அனுப்பு, உன் நூலையும் டியூபையும் வைத்தே சொல்லித் தருகிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "வேணாம் சார். அவ இந்தச் சாமான் எதையும் தொடக் கூடாது. புஸ்தகம் வச்சு சொல்லித் தர்றதா இருந்தா அனுப்புறேன்." நான் வாதாடவில்லை. எங்கள் அம்மா இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள், புத்தகத்தோடு. புத்தகத்தையே வைத்துத்தான் சொல்லித் தந்தேன். போகும்போது மட்டும், பூசாத சுவரில் அப்பா கையெழுத்தில் 144 + 25 = 169 என்று இருப்பதைப் பார்த்து நின்றாள். "இது எங்கப்பா எழுதுனதா தாத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இனி ஒரு வேண்டுகோள். எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்கிறேன். அவர்களுக்காக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். உங்களில் தையல்காரர்கள் இருக்கிறீர்கள், எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறீர்கள், நெல் வியாபாரம், லேத் பட்டறை, சமையல் காண்ட்ராக்ட், பஸ் ஓட்டுவது, நர்ஸ் வேலை என்று எல்லாம் இருக்கிறீர்கள். பிளவுஸ் வெட்டும்போது மார்பளவை நாலால் வகுத்து எவ்வளவு விடுகிறீர்கள், ஐந்நூறு பேர் பந்திக்கு அரிசி எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள், சொட்டு மருந்து நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எப்படி வைக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். தமிழில் தட்டச்சு வராதவர்கள் குரல் பதிவு அனுப்புங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். என் பாடத்தில் தோற்றவர்கள் முதலில் எழுதுங்கள்.

குளியலறைக்கு நாளைக்குக் கூரைக் கான்கிரீட். அந்த ஒரு சுவரைக் கடைசியாகப் பூசலாம் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். சிமெண்ட் மூட்டை நனையாமல் தார்ப்பாய் போடச் சொல்லி டீச்சரம்மா கூப்பிடுகிறார். வருகிறேன்.